பல் பீங்கான் பயிற்சி: தேர்வு செய்யும் முறை

பல் பீங்கான் கலை என்பது கிரௌன், பிரிட்ஜ், வெனீர் ஆகியவற்றுக்குப் பீங்கானால் இயற்கைப் பல்லின் நிறமும் உருவமும் கொடுக்கும் தொழில். இதைச் செய்பவரை லேப்களில் செராமிஸ்ட் என்பார்கள். நோயாளியை அவர் பெரும்பாலும் பார்ப்பதே இல்லை. பல் மருத்துவர் அனுப்பும் அச்சு, ஷேட் (நிற) எண், சில புகைப்படங்கள், இவற்றை வைத்துத்தான் வேலை.

தொழிலுக்கு வயது சுமார் இருநூற்றைம்பது. 1774இல் பிரான்ஸின் மருந்துக்கடைக்காரர் அலெக்ஸி துஷாத்தோ, தம் தந்தப் பல்செட்டில் ஏறிய கறையும் நாற்றமும் பொறுக்காமல் பீங்கானில் பல்செட் செய்யும் முயற்சியில் இறங்கினார். உலோகத்தின் மேல் பீங்கானை உடையாமல் ஒட்டவைக்கும் வழி 1962இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது. சூட்டில் இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு விரிந்து, ஒரே அளவு சுருங்க வேண்டும் என்பதே அதன் சூட்சுமம். இந்தக் கணக்கு பிசகினால் ஆறும்போதே விரிசல் விடும். சில சமயம் நோயாளியின் வாயில் போய் உடையும்.

பயிற்சியில் நேரத்தை விழுங்குவது 'பில்ட்-அப்'. பீங்கான் பொடியைத் திரவத்தில் குழைத்து, தூரிகை நுனியில் எடுத்து, உலோகம் தெரியாதபடி ஓபேக், அதன் மேல் டென்டின், நுனிப்பக்கம் கொஞ்சம் வெட்டியெடுத்துவிட்டு எனாமல் என்று அடுக்க வேண்டும். லேசாகத் தட்டித் தட்டி, மேலே வரும் ஈரத்தை டிஷ்யூ தாளில் ஒற்றியெடுக்க வேண்டும். ஃபர்னஸில் வெந்ததும் பல் கணிசமாகச் சுருங்கும் என்பதால் முதலிலேயே பெரிதாகக் கட்டுவார்கள். எவ்வளவு பெரிதாக என்பதைப் புத்தகம் சொல்லிவிடலாம், ஆனால் கை அதை ஏற்க நாளாகும். புதியவர் கட்டும் முதல் பல் பெரும்பாலும் பால்பல் அளவில்தான் வெளியே வரும்.

ஆகவே ஒரு பயிற்சியை எடைபோடச் சரியான கேள்வி, எத்தனை மாதம் என்பதல்ல. ஒரு மாணவர் தன் கையால் எத்தனை பல் கட்டிச் சுடுவார் என்பதே. இருபது பேருக்கு ஒரு ஃபர்னஸ் உள்ள இடத்தில் மாதங்கள் ஓடும், பற்கள் சேராது. பல்லின் உருவம் படித்து மெழுகில் செதுக்கிப் பழகாத மாணவரை நேராகப் பீங்கானில் இறக்கும் குறுகிய வகுப்புகளும் பயன்படா. இந்தப் படியைத் தவிர்த்தவரின் பல்லில் நிறம் சரியாக இருந்தாலும் உருவம் பொய்யாக இருக்கும்.

ஸிர்கோனியா என்ற பீங்கான் வகை வந்தபின் இன்னொரு குழப்பம். கணினியில் வடிவமைத்து, சுடும்போது சுருங்குவதைக் கணக்கிட்டு சுமார் கால்பங்கு வரை பெரிதாக்கி மில்லிங் செய்து, 1,500 டிகிரி செல்சியஸை ஒட்டிச் சுட்டெடுக்கும் கிரௌனுக்கு மேலே வண்ணம் தீட்டிக் கிளேஸ் போட்டாலே பல வேலைகள் முடிந்துவிடுகின்றன. அதுவும் பயனுள்ள வேலைதான். ஆனால் அதை மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டு 'செராமிக் பயிற்சி' என்று பெயர் வைப்பது சரியல்ல. முன்பல் ஒன்றை அடுக்கிக் கட்டக் கற்றவர் கிளேஸ் வேலையைச் சுலபமாகப் பிடித்துக்கொள்வார், மறுதலை நடப்பதில்லை.

சான்றிதழின் மதிப்பு நாட்டுக்கு நாடு வேறு. ஜெர்மனியில் லேப்பில் வேலையும் தொழிற்பள்ளியில் பாடமுமாகச் சேர்ந்த பயிற்சி வழக்கமாக மூன்றரை ஆண்டு. சொந்தமாக லேப் நடத்துவதற்கு அதற்கு மேல் 'மைஸ்டர்' தகுதியே வழக்கமான வழி. அமெரிக்காவில் சான்றுபெற்ற டெக்னீஷியனுக்கான சிடிடி தேர்வில் செராமிக்ஸ் தனிப்பிரிவு. இந்தியாவில் 1948ஆம் ஆண்டின் பல் மருத்துவர்கள் சட்டம் 'டென்டல் மெக்கானிக்' என்ற பெயரில் ஒரு பதிவேட்டை வைத்தது. அதற்கான படிப்பு இரண்டு ஆண்டு. செராமிஸ்டுக்கெனத் தனிப் பதிவேடு அதில் இல்லை. அச்சட்டத்துக்கு மாற்றாக 2023இல் தேசிய பல் மருத்துவ ஆணையச் சட்டம் இயற்றப்பட்டது. எனவே தனியார் குறுகிய வகுப்பின் சான்றிதழ் கைத்திறனுக்குத் துணையாகலாம். மெக்கானிக் படிப்புக்கு ஈடாகாது.

பலரும் பார்க்கத் தவறுவது தூசியை. பீங்கானையும் உலோகத்தையும் தேய்க்கையில் எழும் நுண்துகளில் சிலிக்கா உண்டு. பல் டெக்னீஷியன்களுக்கு சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய் வந்தது மருத்துவப் பதிவுகளில் இருக்கிறது. சில நிக்கல் கலவைகளில் நச்சான பெரிலியமும் இருக்கும். மேசைதோறும் தூசியுறிஞ்சி இல்லாத பயிற்சிக்கூடத்தை, மற்றதெல்லாம் நன்றாக இருந்தாலும், விட்டுவிடுவதே நல்லது.

சேரும் முன் ஒரு முழு நாள் பயிற்சிக்கூடத்தில் உட்கார அனுமதி கேளுங்கள். உடைந்து ஒதுக்கிய பற்களைக் காட்டச் சொல்லி, ஏன் உடைந்தன என்று ஆசிரியரிடம் கேளுங்கள். காரணம் சொல்லத் தெரிந்தவரிடம் சேரலாம். அதற்கும் முன்னால் கண்ணைச் சோதித்துக்கொள்ளுங்கள். சிவப்பு–பச்சை நிறக்குறைபாடு பெண்களைவிட ஆண்களிடம் மிகுதி, பலருக்கு அது இருப்பதே தெரியாது. ஷேட் பார்த்துப் பிழைக்கும் தொழிலில் அது பெரிய தடை. கண் மருத்துவரிடம் உள்ள இஷிஹாரா அட்டையில் சில நிமிடங்களில் தெரிந்துவிடும்.