வெண்கலத்தில் மூலம் எது? ஒரு சிலையும் அதன் பிரதிகளும்

2005ஆம் ஆண்டு டிசெம்பர் 15ஆம் திகதி இரவு, இங்கிலாந்தின் மச் ஹடம் கிராமத்துக்கு அருகே, சிற்பி ஹென்றி மூரின் அறக்கட்டளைக்குச் சொந்தமான வளவொன்றினுள் திருடர்கள் பாரந்தூக்கி பூட்டிய லொறியுடன் புகுந்தார்கள். சாய்ந்து கிடக்கும் பெண்ணுருவம் ஒன்றை ஏற்றிச் சென்றார்கள். அது வெண்கலச் சிலை. நிறை இரண்டு தொன்னுக்கு மேல். மதிப்பு 30 இலட்சம் பவுண். அச்சிலை மீண்டும் கிடைக்கவேயில்லை. அது வெட்டப்பட்டுப் பழைய உலோகமாக விற்கப்பட்டிருக்க வேண்டும் என்றும், திருடர்களுக்கு 1,500 பவுணுக்கு மேல் கிடைத்திராது என்றும் 2009இல் பொலிஸார் அறிவித்தார்கள்.

30 இலட்சம் எங்கே, 1,500 எங்கே? இரண்டுக்கும் இடையில் இருப்பது என்ன? கலைஞனின் கைவண்ணம் என்று உடனே சொல்லிவிடலாம். ஆனால் வெண்கலச் சிற்பத்தில் அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது. பெரும்பாலான நவீன சிற்பிகளின் கை களிமண்ணோடும் சாந்தோடும் நின்றுவிடுகிறது. உலோகத்தை உருக்கி ஊற்றுபவர்கள் வார்ப்படசாலைத் தொழிலாளர்கள். அச்சு பத்திரமாக இருக்கும்வரை ஒன்றும் வார்க்கலாம், நூறும் வார்க்கலாம். ஆகவே வெண்கலம் வாங்குபவர் அழகுக்கும் உலோகத்துக்கும் மேலாக ஒரு வாக்குறுதிக்கும் பணம் கொடுக்கிறார். “இதுபோல இத்தனைதான் உண்டு, இதற்கு மேல் வார்க்கமாட்டோம்” என்பதே அந்த வாக்குறுதி. அது எப்படி உருவானது, எங்கெங்கே மீறப்பட்டது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இதை எழுத ஒரு காரணம் உண்டு. புலம்பெயர்ந்த நாடுகளில் வீடு வாங்கி நிலைகொண்ட நம்மவர் சிலர் இப்போது சிற்பங்களும் வாங்கத் தொடங்கியிருக்கிறார்கள். “இது ஒரிஜினல்தானா?” என்று என்னைக் கேட்பவர்களும் உளர். நான் கலை விமர்சகன் அல்லன். ஆயினும் ‘பதிப்பு’ என்ற சொல்லோடு வாழ்நாளைக் கழித்த பத்திரிகைக்காரன் என்ற முறையில் இந்த விடயம் என்னை ஈர்த்தது.

முதலில் தொழில்முறையைச் சற்றுப் பார்க்கலாம். மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் மண் பூசி, சூடேற்றி மெழுகை வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை ஊற்றுவது உலகின் பல பகுதிகளிலும் அறியப்பட்ட மிகப் பழைய முறை. நம் மரபில் இதற்கு மதுச்சிஷ்ட விதானம் என்று பெயர். உலோகம் இறுகியதும் மண் அச்சை உடைத்தால்தான் சிலை வெளிவரும். மெழுகும் போயிற்று, அச்சும் போயிற்று. எனவே ஒரு மெழுகுருவுக்கு ஒரு சிலைதான். ஐரோப்பாவிலோ, மூல உருவத்தைச் சிதைக்காமல் அதிலிருந்து பகுதி பகுதியாகக் கழற்றக்கூடிய அச்செடுக்கும் வழக்கம் வேரூன்றியது. அந்த அச்சிலிருந்து எத்தனை மெழுகுகளையும் பெறலாம். பிரதி என்ற சிக்கல் பிறந்தது அங்கேதான்.

19ஆம் நூற்றாண்டின் பாரிஸ் நகரில் அது பெருந்தொழிலாகவே வளர்ந்தது. அஷில் கொலாஸ் என்பவர் சிலைகளை அளவுப் பிசகின்றிச் சிறிதாக்கும் பொறியொன்றைச் செய்தார். 1838இல் அவர் பேர்டினான்ட் பார்பெடியென் என்ற வணிகருடன் கூட்டுச் சேர்ந்தார். அரும்பொருட்கூடத்தில் மட்டும் கண்டிருந்த மிலோவின் வீனஸ் போன்ற சிலைகள் நடுத்தர வர்க்கத்தவரின் கணப்படுப்பு மேடைகளுக்கு வந்தன. வீட்டுக்கு வெண்கலம் வாங்கும் பழக்கம் பரவலானது அக்காலத்திலேதான். எண்ணிக்கைக்கு வரம்பு எதுவும் இருக்கவில்லை. விற்கும்வரை வார்த்தார்கள்.

அதன் மறுபக்கத்தை அனுபவித்தவர் அந்துவான்-லூயி பாரி. விலங்குருவங்களை வடிப்பதில் அவருக்கு நிகரில்லை. தம் சிலைகளைத் தாமே வார்த்து, விலைப்பட்டியல் அச்சிட்டு விற்ற அவர் 1848இல் வங்குரோத்து நிலையடைந்தார். மாதிரியுருக்கள் கடன்கொடுத்தவரின் கைக்குப் போயின. அவரது சிங்கங்களும் புலிகளும் அவரது மேற்பார்வை இல்லாமலே வார்க்கப்பட்டு, அவர் பெயரிலேயே விற்பனையாயின. அச்சு யாரிடம் இருக்கிறதோ அவரே சிற்பி என்ற நிலை!

அடுத்து ஒகுஸ்த் ரொடான். 1898இல் அவர் பார்பெடியென் நிறுவனத்துடன் 20 ஆண்டுகளுக்கு ஓர் ஒப்பந்தம் செய்தார். அதன்படி ‘முத்தம்’ என்ற புகழ்பெற்ற சிற்பம் மட்டும் நான்கு அளவுகளில் 319 பிரதிகள் வார்க்கப்பட்டது. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. ரொடானின் காலத்தில் இலக்கமிடும் வழக்கம் நிலைபெறவில்லை. கேட்டவருக்கு வார்த்துக் கொடுத்தார்கள். 1916இல் ரொடான் தம் படைப்புகளையும் அவற்றுக்கான உரிமைகளையும் பிரெஞ்சு அரசுக்கு நன்கொடையாக எழுதிக் கொடுத்தார். மறு ஆண்டு நவம்பரில் காலமானார். 1919இல் திறக்கப்பட்ட ரொடான் அரும்பொருட்கூடம், அவ்வுரிமையின்படி அவரது அச்சுகளிலிருந்து சிலைகளை வார்த்து விற்று வந்தது.

இங்கேதான் கேள்வி கூர்மையடைகிறது. ரொடானின் மாபெரும் படைப்பு ‘நரகத்தின் வாயில்’. 1880இல் அரசு அதை அவரிடம் ஒப்படைத்தது. அவர் இறக்கும்வரை அது வெண்கலத்தைக் காணவேயில்லை. முதல் வார்ப்புகளுக்கு வழிகோலியவர் பிலடெல்பியாவைச் சேர்ந்த ஜூல்ஸ் மாஸ்ட்போம் என்ற திரையரங்கு அதிபர். அதற்குப் பல்லாண்டுகளின் பின், 1981இல், புதிய வார்ப்பொன்று வொஷிங்டன் தேசிய கலைக்கூடத்தில் வைக்கப்பட்டது. அது வார்க்கப்படுவதைக் காட்டும் படமும் அங்கே திரையிடப்பட்டது. சிற்பி மறைந்து 64 ஆண்டுகளின் பின் பிறந்த ‘மூலம்’! கலை வரலாற்றாசிரியர் ரொசலின்ட் கிராஸ் அதே ஆண்டில் எழுதிய கட்டுரை இதையே எடுத்துக்கொண்டு, மூலம் என்ற கருத்தையே கேள்விக்குள்ளாக்கியது. சட்டப்படி அது மூலம்தான். ஆனால் அதன் மேற்பரப்பை எப்படி முடித்திருப்பார், எந்த நிறம் ஏற்றியிருப்பார் என்று ரொடானிடம் கேட்க வழியில்லை.

எட்கார் டெகாவின் கதை இதைவிடச் சிக்கலானது. ஓவியராகவே அறியப்பட்ட அவரும் 1917 செப்டெம்பரில் மறைந்தார். அவரது கூடத்தில் மெழுகிலும் களிமண்ணிலும் செய்த சுமார் 150 உருவங்கள் கிடந்தன. பல சிதைந்திருந்தன. அவர் வாழ்நாளில் காட்சிக்கு வைத்த சிற்பம் ஒன்றே ஒன்றுதான்: 1881இல், ‘பதினான்கு வயது நடனச் சிறுமி’. அதுவும் மெழுகு. வாரிசுகள் 1918இல் எப்ரார் வார்ப்படசாலையுடன் ஒப்பந்தம் செய்தார்கள். தேர்ந்தெடுத்த 70க்கும் மேற்பட்ட உருவங்கள் வார்க்கப்பட்டன. சிறிய உருவங்கள் ஒவ்வொன்றிலும் விற்பனைக்கு 20. அவற்றில் ஆங்கில நெடுங்கணக்கின் முதல் 20 எழுத்துகள் பொறிக்கப்பட்டன. வாரிசுகளுக்கு ஒன்று, வார்ப்பாளருக்கு ஒன்று. இன்று உலகின் கலைக்கூடங்களில் நாம் காணும் டெகா வெண்கலங்கள் இவையே. அவற்றில் ஒன்றையேனும் டெகா கண்ணால் கண்டதில்லை.

மூல மெழுகுகள் அழிந்துவிட்டதாகவே பலரும் எண்ணியிருந்தார்கள். 1955இல் அவை வெளிப்பட்டன. போல் மெலன் என்ற அமெரிக்கர் வாங்கினார். பெரும்பகுதி இன்று வொஷிங்டனில் இருக்கிறது. இன்னொரு உண்மையும் பின்னர் தெரிந்தது. வார்ப்பாளர்கள் மெழுகிலிருந்து முதலில் ஒரு தாய் வெண்கலத் தொகுதியைச் செய்துகொண்டு, விற்பனைப் பிரதிகளை அந்த வெண்கலத்திலிருந்தே அச்செடுத்திருந்தார்கள். அந்தத் தாய்த் தொகுதியை நோர்ட்டன் சைமன் என்ற சேகரிப்பாளர் 1977இல் வாங்கினார்.

வெண்கலத்திலிருந்து அச்செடுத்தால் என்ன குறை? உருகிய வெண்கலம் குளிர்ந்து இறுகும்போது நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு வரை சுருங்கும். ஆகவே பிரதியின் பிரதி, முதற் பிரதியைவிடச் சிறிதாகவே இருக்கும். நுண்ணிய கோடுகள் மழுங்கும். போலியைக் கண்டுபிடிக்க வல்லுநர்கள் அளவுகோலை எடுப்பது இதனாலேதான். ஒப்பத்தைப் போலியாகப் பொறிக்கலாம். உலோகத்தின் சுருக்கத்தை மறைப்பது கடினம்.

பிரதிகளின் எண்ணிக்கையில் சட்டம் தலையிட்டது, விசித்திரமாக, சுங்கத்தின் வாயிலாக. 1926இல் புகைப்படக் கலைஞர் எட்வர்ட் ஸ்டைக்கன் வாங்கியிருந்த, பிராங்கூசியின் ‘வெளியில் பறவை’ என்ற வெண்கலம் நியூயோர்க் வந்திறங்கியது. சிறகுமில்லை, அலகுமில்லை, பளபளக்கும் நெடிய வளைவு மாத்திரம். கலைப்படைப்புக்கு வரி கிடையாது. சுங்க அதிகாரிகளோ அதைச் சாதாரண உலோகப் பொருளாகக் கொண்டு நூற்றுக்கு 40 வரி கேட்டார்கள். வழக்கு 1928 நவம்பரில் சிற்பியின் பக்கம் தீர்ந்தது. இது கலையா என்ற வாதத்தைப் பலரும் நினைவுகூர்வர். அதே சட்டத்தில் இன்னொரு நிபந்தனையும் இருந்தது: மூலமும் இரண்டுக்கு மேற்படாத பிரதிகளும் மட்டுமே வரிவிலக்குப் பெறும். அச்சில் வார்த்த பொருள் எந்த எண்ணிக்கைவரை கலை, அதற்கப்பால் எப்போது சரக்கு என்று அரசு கோடு கிழித்தது.

பிரான்சும் பின்னர் அக்கோட்டைக் கிழித்தது. அந்நாட்டு வரிவிதியின்படி எட்டு பிரதிகளும் நான்கு கலைஞர் பிரதிகளுமாகப் பன்னிரண்டு வரை மூலப்படைப்பு. எட்டும் 1/8, 2/8 என அரபு இலக்கத்திலும், நான்கும் உரோம இலக்கத்திலும் குறிக்கப்படும். அதற்கு மேல் வார்க்கப்படுவது மறுஉற்பத்தி. அச்சொல்லை அழியாதபடி பொறிக்க வேண்டும் என்று 1981இல் ஆணை பிறந்தது. ஏன் பன்னிரண்டு, ஏன் பதின்மூன்று அல்ல என்று கேட்டால் கலையில் விடையில்லை. எங்கோ ஓரிடத்தில் நிறுத்தவேண்டும் என்ற உடன்பாடு, அவ்வளவே.

அந்த உடன்பாட்டின் பெறுமதியைச் சந்தை சொல்கிறது. 2010 பெப்ரவரியில் ஜியாகோமெட்டியின் ‘நடக்கும் மனிதன்’ லண்டனில் 6.5 கோடி பவுணுக்கு ஏலம் போனது. அதில் பொறித்திருந்த இலக்கம் 2/6. அதன் உடன்பிறப்புகள் வேறிடங்களில் இருக்கின்றன என்பது எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது. இன்னொன்று வார்க்கப்படாது என்ற நம்பிக்கைக்குக் கொடுத்த விலை அது. நம்பிக்கை உள்ள இடத்தில் துரோகமும் வரும். பிரான்சில் கீ ஹான் என்பவர், ரொடானுக்கு வார்த்த ரூடியே வார்ப்படசாலையின் பெயர் பொறித்த போலிகளை ஏராளமாகச் சந்தையில் விட்டார். 2001இல் அவருக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. ஆனால் அவர் விற்றவற்றில் பல இன்னும் யார் யார் வீட்டிலோ இருக்கின்றன.

ரொடானுக்கும் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. சென்னை அரும்பொருட்கூடத்து நடராசர் படிமங்களின் புகைப்படங்களைக் கண்டு வியந்த அவர் 1913இல் சிவநடனத்தைப் பற்றி எழுதினார். அது 1921இல் பாரிசில் நூலாக வெளிவந்தபோது, கொழும்பிலே பிறந்த ஆனந்த குமாரசுவாமியின் எழுத்தும் அதே தொகுதியில் இடம்பெற்றது. தம் ‘முத்தம்’ நூற்றுக்கணக்கில் வார்க்கப்படுவதற்கு இசைந்த சிற்பி, அச்சுடைத்து ஒருமுறை மட்டுமே பிறந்த படிமத்தின் முன் வியந்து நின்றார் என்பது என் சிந்தனையை விட்டகல மறுக்கிறது. சோழர் காலத்து ஸ்தபதி ஒப்பமிடவில்லை, இலக்கமிடவில்லை. யாருக்கும் வாக்குறுதி கொடுக்கவுமில்லை. செய்முறையே வாக்குறுதியாக இருந்தது.

கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலையில் அச்செய்முறை இன்றும் வாழ்கிறது. அங்கே ஸ்தபதி தம் கையால் மெழுகில் வடித்து வார்க்கும் நடராசர், அவரே அடுத்த மாதம் வார்க்கும் நடராசரை முற்றாக ஒத்திருக்க மாட்டார். அது பழையதன்று; ஆனால் ஐயத்துக்கிடமற்ற மூலம். இறப்பர் அச்சில் மெழுகெடுத்துத் தொகையாக வார்க்கும் உருவங்களும் இன்று சந்தையில் அதே பெயரோடு வருகின்றன. எனவே மெழுகு கையால் வடிக்கப்பட்டதா, அச்சில் எடுக்கப்பட்டதா என்று கேட்பது வாங்குபவரின் உரிமை.

புதிய சிலையை விரும்பி வாங்குவோர் பெருகினால் இன்னொரு நன்மையும் உண்டு. பழமை மீதான மோகமே கோயில்களை வெறுமையாக்கிற்று. நூறாண்டு கடந்த சிலைகளை இந்தியாவிலிருந்து ஏற்றுமதி செய்ய 1972ஆம் ஆண்டின் சட்டம் தனியாரை அனுமதிப்பதில்லை. புதிய கைவினைப் பொருள் என்ற போர்வையில் பழைய தெய்வங்களைக் கடல்கடத்தியோர் பலர். ஆகையால் புதிதாக வாங்கிச் செல்பவர், அது தொல்பொருள் அன்று என்பதற்குத் தொல்லியல் துறை வழங்கும் சான்றிதழைப் பெற்றுக்கொள்ள வேண்டும். “இது மிகப் பழையது, பத்திரம் இல்லை” என்று காதோடு சொல்லும் வியாபாரியிடமிருந்து விலகிவிடுவதே நன்று. அவர் சொல்வது பொய்யானால் பணம் போகும். உண்மையானால் எங்கோ ஒரு மூலத்தானம் இருண்டு கிடக்கிறது.

நவீன சிற்பியின் படைப்பை வாங்குவோர் கேட்கவேண்டியவை சில உண்டு. மொத்தம் எத்தனை, கலைஞர் பிரதிகள் எத்தனை? எந்த வார்ப்படசாலை, எந்த ஆண்டு? சிற்பி உயிரோடிருந்து பார்த்து ஒப்புக்கொண்டதா, மறைந்த பின் வார்த்ததா? அச்சு இப்போது யாரிடம்? வேறு அளவுகளிலும் வார்க்கப்படுமா? விடைகளை எழுத்தில், பற்றுச்சீட்டோடு பெறவேண்டும். முதலாம் இலக்கம் எட்டாம் இலக்கத்தைவிட உயர்ந்தது என்று எண்ண வேண்டியதில்லை; ஒரே அச்சில் பிறந்த எட்டும் பொதுவாகச் சமமே.

இத்தனையும் கேட்ட பின்னரும், பார்த்துப் பழகிய கண்ணே நல்ல துணை. கொழும்புக்கு வருபவர்கள் தேசிய நூதனசாலையில், பொலன்னறுவைச் சிவாலயத்திலிருந்து கிடைத்த நடராசரின் முன் அரைமணி நேரம் நின்று பார்க்கட்டும். விரல் நுனியில், முழங்காலின் மடிப்பில், மெழுகில் ஓடிய ஒரு மனிதனின் கை எங்கே தெரிகிறது என்று தேடட்டும். அதன் பின் கடைக்குப் போகலாம்.