உள்ளகக் கணக்காய்வு: நிதி நிறுவனத்துக்குள் இருந்து கேள்வி கேட்கும் தொழில்

ஒரு நிதி நிறுவனத்தின் உள்ளகக் கணக்காய்வுப் பிரிவுக்குத் தலைமை தாங்குவது என் தொழில். ஊருக்குப் போனால், "கணக்கு எழுதுகிற வேலையோ?" என்று கேட்பார்கள். கணக்கு எழுதுவதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். எழுதிய கணக்குக்குப் பின்னால் உண்மையில் காசு இருக்கிறதா, நகை இருக்கிறதா, கடன் எடுத்ததாகச் சொல்லப்படும் ஆள் இருக்கிறாரா என்று பார்ப்பதே எங்கள் வேலை. போருக்குப் பின்னர் எங்கள் மக்களின் வீட்டு வாசல்வரை லீசிங்கும் நுண்கடனும் வந்துவிட்டன. இந்தத் தொழில் எப்படி இயங்குகிறது என்பதைக் கடன் எடுப்போரும் வைப்பு வைப்போரும் அறிந்திருப்பது நல்லது.

வெளியகமும் உள்ளகமும்

வெளியகக் கணக்காய்வாளர் ஆண்டுக் கணக்குகள் சரியான தோற்றத்தைக் காட்டுகின்றனவா என்று பங்குதாரர்களுக்குத் தம் கருத்தைச் சொல்வார். அரச நிறுவனங்களில் அந்தப் பணி கணக்காய்வாளர் நாயகத்துடையது. உள்ளகக் கணக்காய்வாளர் ஆண்டு முழுவதும் நிறுவனத்துக்குள்ளேயே இருப்பவர். கடன் கொடுக்கும் முறை, காசுக் கட்டுப்பாடு, கணனி அனுமதிகள் என்று ஒவ்வொன்றாக எடுத்து, எங்கே ஓட்டை இருக்கிறது என்று சொல்வார். அரச நிறுவனங்களிலும் உள்ளகக் கணக்காய்வாளர் இருக்கவேண்டும் என்கிறது 2018ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தேசிய கணக்காய்வுச் சட்டம்.

இத்தொழிலின் உயிர்நாடி, அறிக்கை யாரிடம் போகிறது என்பதுதான். பொது முகாமையாளரிடம் மட்டும் போனால், பொது முகாமையாளரைப் பற்றிய அறிக்கை அவருடைய மேசையிலேயே தங்கிவிடும். ஆகவே பணிப்பாளர் சபையின் கணக்காய்வுக் குழுவுக்கே நாங்கள் நேரடியாக அறிக்கை கொடுக்கிறோம். தலைமைக் கணக்காய்வாளரின் நியமனமும் நீக்கமும் அந்தக் குழுவின் கையில் இருந்தால்தான் அவரால் பயமின்றி எழுத முடியும்.

இரண்டு பாடங்கள்

இத்துறைக்கு வருகிறவர்கள் முதலில் படிப்பது பேரிங்ஸ் வங்கியின் கதை. அதன் சிங்கப்பூர் கிளையில் நிக் லீசன் என்பவர் வியாபாரமும் செய்தார். அந்த வியாபாரத்தின் கணக்கையும் தாமே கவனித்தார். இரண்டும் ஒருவர் கையில் இருப்பது ஆபத்து என்று 1994இல் வங்கியின் உள்ளகக் கணக்காய்வு எழுதியது. அது நடைமுறைக்கு வரவில்லை. 1995 பெப்ரவரியில் 80 கோடிப் பவுணுக்கும் கூடிய நட்டத்துடன், 200 ஆண்டுகளுக்கு மேல் பழைமையான அந்த வங்கி விழுந்தது.

மற்றது அமெரிக்காவின் வேர்ல்ட்கொம். 2002இல் அதன் உள்ளகக் கணக்காய்வுத் தலைவர் சிந்தியா கூப்பரும் அவருடைய குழுவினரும், செலவுகளைச் சொத்துகளாகக் காட்டி மறைத்த 380 கோடி டொலரைக் கண்டுபிடித்தார்கள். பிரதம நிதி அதிகாரி தடுத்தும் அவர் கணக்காய்வுக் குழுவிடம் போனார். முதற்கதையில் எழுதியதை யாரும் செயற்படுத்தவில்லை. இரண்டாவதில் சொன்னதைக் கேட்க ஒரு குழு இருந்தது.

ஒரு கிளைக்குள் என்ன பார்க்கிறோம்

அறிவிக்காமல்தான் போவோம். கதவு திறக்கும் முன்னரே நிற்கவேண்டும். பெட்டகத்துக்கு இரண்டு திறப்புகள் உண்டு. அவை இரண்டு பேரிடம் இருக்கவேண்டும். காசை எண்ணி, கணனி காட்டும் மீதியோடு ஒப்பிடுவோம். அடகு நகைப் பொதிகளில் சிலவற்றைத் தெரிந்தெடுத்து, மீண்டும் நிறுத்து உரசிப் பார்ப்போம். தங்க முலாம் பூசிய காப்பு 22 கரட் என்று பதிவாகியிருந்தால் நகை மதிப்பீட்டாளரிடம் கேள்வி எழும்.

அதிகம் நடக்கும் மோசடி பெட்டகத்தில் நடப்பதில்லை, தெருவில் நடக்கிறது. அறவீட்டு உத்தியோகத்தர் ஒரு பெண்ணிடம் வாங்கிய தவணையைத் தன் சட்டைப்பைக்குள் வைப்பார். அடுத்த நாள் இன்னொருவர் கட்டியதை முதலாமவரின் கணக்கில் போடுவார். இந்தச் சங்கிலி அறுந்துவிடும் என்பதால் அவர் ஒருநாளும் லீவு எடுக்கமாட்டார். ஆண்டில் சில நாட்கள் தொடர்ச்சியாகக் கட்டாய விடுமுறை என்ற விதி வைத்திருப்பதன் காரணம் இதுதான். நாங்கள் வாடிக்கையாளரின் கையிலிருக்கும் பற்றுச்சீட்டை வாங்கிப் பார்ப்போம். அது எங்கள் கணனியை விட நேர்மையான சாட்சி.

கடதாசி சரி, வாழ்க்கை பிழை

2009க்குப் பின் வடக்கிலும் கிழக்கிலும் கிளைகள் வரிசையாகத் திறக்கப்பட்டன. ஒவ்வொரு கிளைக்கும் இலக்குகள். நான் முன்னர் வேலை செய்த ஒரு நிறுவனத்தின் வன்னிக் கிளையில் அறவீடு மிகச் சிறப்பாக இருந்தது. கோவைகள் எல்லாம் ஒழுங்கு: அடையாள அட்டைப் பிரதி, பிணையாளிகளின் கையொப்பம், "கோழி வளர்ப்பு" என்ற நோக்கம். வீட்டுக்குப் போனால் கோழியும் இல்லை, கூடும் இல்லை. கணவனைப் போரில் இழந்த அந்த அம்மா, முதற்கடனைக் கட்ட இரண்டாவதும், அதைக் கட்ட மூன்றாவதும் எடுத்திருந்தார். படிவம் அவர் வாசிக்கத் தெரியாத மொழியில் இருந்தது.

விதிமீறல் எதுவும் இல்லையே என்று முகாமைத்துவம் வாதாடியது. புதிய கடனால் பழைய கடன் அடைபடுவதை நல்ல அறவீடு என்று சொல்லமுடியாது என்று எழுதினோம். கணக்காய்வுக் குழு அதை ஏற்று, வீட்டு வருமானத்தையும் வேறு நிறுவனக் கடன்களையும் பார்க்காமல் கடன் கொடுக்கக்கூடாது என்று பணித்தது. அதற்குப் பல மாதங்கள் சென்றன. அந்த அம்மாவுக்கு அது பிந்தி வந்த நீதி. நுண்கடன் வட்டிக்கு 35 வீத உச்சவரம்பும், வறட்சி பாதித்த மாவட்டப் பெண்களின் ஒரு இலட்சம் ரூபாவுக்குக் குறைந்த கடன்களுக்கு அரசின் நிவாரணமும் 2018இல்தான் வந்தன.

இந்தத் தொழிலுக்கு வர விரும்பினால்

உயர்தரத்தில் வர்த்தகம் படித்தவர்களுக்கு யாழ்ப்பாணம், வவுனியா பல்கலைக்கழகங்களில் வணிக, முகாமைத்துவப் பட்டங்கள் உண்டு. பலர் பட்டயக் கணக்காளர் பயிற்சியூடாக வருகிறார்கள். நானும் கொழும்பில் ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் பயிலுநராகவே தொடங்கினேன். 1941இல் அமெரிக்காவில் உருவான உள்ளகக் கணக்காய்வாளர் நிறுவகம் நடத்தும் சர்வதேசச் சான்றிதழுக்கு மூன்று பகுதிப் பரீட்சை. பட்டதாரிக்கு இரண்டாண்டு அனுபவமும் தேவை. அதன் புதிய உலகளாவிய நியமங்கள் 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தன.

தமிழ் பேசத் தெரிந்த கணக்காய்வாளருக்கு எங்கள் பகுதிகளில் தனிப் பெறுமதி உண்டு. மொழிபெயர்ப்பாளராகக் கிளை முகாமையாளரையே கூட்டிக்கொண்டு போனால் கடனாளி எப்படி வாய் திறப்பார்? ஆனால் தனிமைக்குத் தயாராக வாருங்கள். நாங்கள் நுழைந்ததும் கிளையில் சிரிப்பு நின்றுவிடும். கிளையினர் தரும் சாப்பாட்டைக்கூட மறுக்கவேண்டியிருக்கும்.

வாசகர்கள் செய்யக்கூடியவை

வெற்றுப் படிவத்தில் கையொப்பம் வைக்காதீர்கள். தமிழ்ப் படிவம் கேளுங்கள். ஒவ்வொரு தவணைக்கும் பற்றுச்சீட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். வைப்பு வைக்குமுன் அந்த நிறுவனத்துக்கு மத்திய வங்கியின் உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள். உரிமம் இருந்தும் நிறுவனங்கள் விழுவதுண்டு; த ஃபினான்ஸ் கம்பனியின் உரிமம் 2020 மே மாதம் இரத்தானது. அப்படி நேர்ந்தால், வைப்புக் காப்புறுதித் திட்டத்தின்கீழ் ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் ரூபாவரையே இழப்பீடு உண்டு. அதற்கு மேற்பட்ட சேமிப்பை ஒரே இடத்தில் குவிக்காதீர்கள்.

கிளையில் முறையிட்டும் பதில் வராவிட்டால், தலைமை அலுவலகத்தின் உள்ளகக் கணக்காய்வுப் பிரிவுக்குத் திகதியும் தொகையும் குறித்து எழுத்தில் அனுப்புங்கள். தமிழில் எழுதினாலும் போதும். எங்கள் மேசைக்கு வரும் நல்ல துப்புகளில் பல, இப்படி ஒற்றைத் தாளில் வந்தவைதான்.