உரிமை அமைப்புகளில் சட்ட மாணவர் உள்ளகப் பயிற்சி

உரிமை அமைப்புகளில் சட்ட மாணவர் உள்ளகப் பயிற்சி என்பது, அரசியலமைப்பு வழங்கும் உரிமைகளுக்காக வழக்காடும் இலாப நோக்கற்ற அமைப்புகளில் சட்டக் கல்லூரி மாணவர் குறுகிய காலம் பணிபுரிந்து கற்பதாகும். மதுரையில் 1995 இல் தொடங்கப்பட்ட மக்கள் கண்காணிப்பகம் இவ்வகை அமைப்புகளுள் ஒன்று.

விதிகள்

பார் கவுன்சில் எனப்படும் இந்திய வழக்கறிஞர் கழகத்தின் 2008 ஆம் ஆண்டுச் சட்டக் கல்வி விதிகளின்படி, மூன்றாண்டுப் படிப்பினர் 12 வாரங்களும் ஐந்தாண்டுப் படிப்பினர் 20 வாரங்களும் பயிற்சி பெறவேண்டும். ஓர் ஆண்டில் தொடர்ச்சியாக நான்கு வாரங்களுக்கு மேல் பயிற்சி கூடாது. பயிற்சிக்குரிய இடங்களுள் அரசு சாரா அமைப்புகளும் அடங்கும். எனினும், வழக்கறிஞரிடம் ஒரு முறையேனும் பயின்றிருத்தல் கட்டாயம். உதவித்தொகை வழங்கவேண்டும் என இவ்விதி கூறவில்லை. வெளியூரில் தங்கும் செலவு வசதியற்ற மாணவருக்குப் பெருந்தடையாகும்.

பழனி மலை வழக்குகள்

இத்தகைய அமைப்புகளின் பணியை அறியப் பழனி மலைப் பகுதியின் வழக்குகள் உதவும். கொடைக்கானலில் பிளசன்ட் ஸ்டே ஓட்டல், தனக்கு அனுமதிக்கப்பட்ட அளவை மீறி ஏழு மாடிகள் எழுப்பியது. 1994 இல் அரசு ஆணை ஒன்றின் வாயிலாக இதற்கு விலக்களிக்கப்பட்டது. 1985 இல் உருவான பழனி மலைப் பாதுகாப்புக் குழு இதனை எதிர்த்து வழக்காடியது. ஆணை செல்லாது என 1995 இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஓட்டலின் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. இங்கு வழக்கின் அடிப்படை வரைபடம், அனுமதிக் கடிதம், அரசாணை ஆகியவையே. சூழல் அமைப்பு ஒன்றின் வழக்காயினும், இதில் பயன்பட்டது அரசியலமைப்பின் 226 ஆம் உறுப்பு வழங்கும் நீதிப்பேராணை முறைதான்.

மற்றொன்று, 2001 இல் மூடப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரச வழக்கு. முன்னாள் தொழிலாளர் சங்கம் 2006 இல் உயர் நீதிமன்றத்தை நாடியது. 591 தொழிலாளர் தொடர்பான உடன்பாடு எட்டப்பட்டது 2016 மார்ச்சில். பத்தாண்டு நீளும் வழக்கில் நான்கு வார மாணவர் ஒருவர் காண்பது மிகச் சிறு பகுதியே. ஆகவே அவர் எழுதிவைக்கும் குறிப்பும் ஒழுங்குபடுத்தும் கோப்பும், அடுத்து வருபவருக்குப் புரியும்படி அமைதல் இன்றியமையாதது.

பணிகள்

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் (2005) கீழ் மனு எழுதுதல், முன்தீர்ப்புகளைத் தேடுதல், உண்மை அறியும் குழுவுடன் செல்லுதல் முதலியன வழக்கமான பணிகள். உயர் நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம். பாதிக்கப்பட்டோர் பேசுவதோ தமிழ். எனவே வாக்குமூலங்களை மொழிபெயர்த்தல் தமிழ்நாட்டில் சிறப்பிடம் பெறுகிறது. நாள், அளவு, உறவுமுறை ஆகியவற்றில் நேரும் சிறு பிழையும் எதிர்த்தரப்புக்குச் சாதகமாகிவிடும்.

பழனி மலையில் வாழும் பளியர் போன்ற பழங்குடியினருக்கு 2006 ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் பொருந்தும். இதன்படி கோரிக்கை முதலில் கிராம சபைக்குச் செல்லும். கோருபவர் அல்லாத பிற முதியவர்களின் கூற்றை எழுத்தில் பதிந்து சான்றாக வைக்க விதிகள் இடமளிக்கின்றன. பட்டா இல்லாதோருக்கு இது பேருதவி. கேட்டதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதத் தெரிந்த மாணவர் எவரும் இப்பணியில் உதவலாம். நீதிமன்ற அனுபவம் இதற்குத் தேவையில்லை.