பட்டமும் பட்டறையும்

விருத்தாசலத்துக்குப் பீங்கான் தொழிலால் பிரசித்தி தேடித்தந்த களிமண், நீரை இறுகப் பற்றிக்கொள்ளும் சுபாவமுடையது; குயவனுக்கும் சூளைக்கும் உகந்த அந்தக் குணமே, வேரடியில் நீர் தேங்கினால் அழுகிப்போகும் வெங்காயத்துக்கு விரோதமாகிவிடுகிறது. ஆகையால் சின்ன வெங்காயத்தின் சரித்திரத்தை அறிய விரும்புகிறவர்கள், அவ்வூரின் மணிமுத்தாற்றங்கரையை விட்டுத் தென்மேற்கே, முன்பு திருச்சிராப்பள்ளி ஜில்லாவில் அடங்கியிருந்த பெரம்பலூர், செட்டிகுளம் பிரதேசத்துக்குச் செல்ல வேண்டும்.

சீதள தேசங்களில் வெங்காயம் எப்போது காய் கட்டும் என்பதைப் பகற்பொழுதின் நீளமே நிர்ணயிக்கிறது என்பதை, 1937-இல் மக்ரூடர், அல்லார்டு என்னும் அமெரிக்க விஞ்ஞானிகள் பல ரகங்களை வைத்துச் சோதித்து விளக்கினார்கள். நமது அட்சரேகையிலோ வருஷம் முழுவதும் பகலின் நீளம் ஒன்றரை மணிக்கு மேல் மாறுவதில்லை. இங்கே நடும் காலத்தை விதித்தவை மழையும், காயைச் சேமிக்கும் பட்டறையுமே.

சித்திரை வைகாசியில் நட்ட பயிரை ஆடி ஆவணியில் பிடுங்கி, தாளோடு உலர்த்தி, காற்று ஊடாடும்படி அமைத்த பட்டறையில் சேமித்து, அறுவடையான புதிதில் முளைக்காத அந்தக் காய்களின் உறக்கம் கலைந்த பிறகு ஐப்பசியில் விதையாக ஊன்றுவதும், தை மாதத்தில் கண்ட விளைச்சலை மறுபடியும் சித்திரைக்கென்று காப்பதும் ஒரே சங்கிலியின் கண்ணிகள். ஐப்பசி நடவு அடைமழையில் அகப்பட்டுக் கோழிக்கால் நோய்க்கு இரையானால், அவ்வருஷத்து வருமானத்தோடு அடுத்த பட்டத்து விதையும் அழிந்துபோகும். நடும் நாளைப் பற்றி அக்குடியானவர்கள் கொண்டிருந்த கவலையை வெறும் சம்பிரதாயம் என்று ஒதுக்குவது பெரும் அநீதி.

இடைவெளியின் கணக்கும் இவ்விதமே விதைக்காயைச் சார்ந்தது. ஒரு முழ அகலத்துக்கு, அதாவது 45 செண்டிமீட்டருக்கு ஒரு பார் பிடித்து, அதன் இரு மருங்கிலும் 10 செண்டிமீட்டருக்கு ஒன்றாக ஊன்றினால் ஏக்கருக்குச் சுமார் 1,80,000 காய்களும், எடையில் ஏறக்குறைய 400 கிலோவும் தேவைப்படும். நெருக்கி நட்டால் மொத்த விளைச்சல் ஓரளவு பெருகினாலும் காய் சிறுத்துவிடும். தாள்களுக்கிடையே ஈரமும் தங்கும். விலக்கி நட்டால் காய் திரளும், ஆனால் நிலம் வீணாகும். சந்தைக்குத் திரண்ட காயும் விதைக்கு நடுத்தரக் காயும் வேண்டியிருந்தமையால், இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட அளவே நிலைத்தது.

இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் அளித்த கோ 5 ரகம், பூத்து விதை தருவதாகையால், ஹெக்டேருக்கு 1,000 கிலோ காய் இருந்த இடத்தில் இரண்டு மூன்று கிலோ விதையே போதுமென்று ஆயிற்று. ஆயினும் நாற்றங்காலில் நாற்பது நாளுக்குமேல் வளர்த்தாக வேண்டுமாதலால், ஐப்பசி நடவுக்கு ஆவணியிலேயே விதைக்கும்படி உழவர்களின் பஞ்சாங்கம் முன்னே நகர்ந்தது.