எளிய நடைபாதை யாருக்கு எளியது? பறம்பிக்குளத்து டிராம் தடம் குறித்து

பாலக்காட்டுக் கணவாயின் சமவெளியில் அமைந்த எலப்புள்ளிக்குத் தெற்கே நெல்லியாம்பதி மலைகள் எழுகின்றன. அவற்றுக்கு அப்பால் பறம்பிக்குளம். அது பாலக்காடு மாவட்டத்திலேயே இருந்தபோதிலும், சாலைவழி செல்வோர் தமிழ்நாட்டிற்குள் நுழைந்து, பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப் வழியாகத்தான் அங்கே சேர இயலும். இக்காடுகளின் சில நடைவழிகள் இன்று ‘தொடக்கநிலையினருக்கு எளியவை’ எனப் பரிந்துரைக்கப்படுகின்றன. அந்த எளிமை இயற்கை தந்தது என்றே பலரும் கொள்கின்றனர். ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காட்டில் அகன்ற, சரிவு குறைந்த வழி தானாக அமைவது அரிது. அத்தகைய வழி இருக்குமிடத்தில், ஏதோவொரு சரக்கு அவ்வழியே சென்றிருக்கிறது எனலாம்.

பறம்பிக்குளத்தில் அச்சரக்கு தேக்கு. 1902இல் ஷொர்ணூர்–எர்ணாகுளம் இருப்புப்பாதை திறக்கப்பட்டபின், மலைத்தேக்கைச் சாலக்குடி இரயில் நிலையம்வரை கொணர்வதே கொச்சி சமஸ்தானத்தின் முன்னிருந்த சிக்கல். அதற்கு விடையாக அமைந்ததே கொச்சி வன டிராம் பாதை. 1907 முதல் இயங்கிய அப்பாதையின் நீளம் ஏறத்தாழ 80 கி.மீ. இயன்ற இடங்களில் அது மலைவளைவை ஒட்டி, மென்சரிவில் சென்றது. செங்குத்தான இடங்களில், மரம் ஏற்றி இறங்கும் வண்டிகளின் எடையே வடத்தின் மறுமுனையிலுள்ள வெற்று வண்டிகளை மேலே இழுத்தது. சுதந்திரத்திற்குப் பின்னர் இலாபமற்றதெனக் கருதப்பட்டு அப்பாதை கைவிடப்பட்டது. அதன் எச்சங்கள் காட்டிற்குள் இன்றும் உள்ளன.

இத்தடத்திற்கு முன்பும் அங்கே வழிகள் இருந்தன. காடர், மலசர் முதலிய பழங்குடியினர் தேன், கிழங்கு, நீர் ஆகியவற்றைத் தேடி நடந்த வழிகள் அவை. பருவத்திற்கேற்ப மாறுபவை, யானையின் நடமாட்டம் அறிந்து விலகுபவை. அவற்றின் எளிமை நிலத்தின் சரிவில் இல்லை, நடப்பவரின் அறிவில் இருந்தது. டிராம் தடமோ அவ்வறிவு இல்லாதவரும் செல்லக்கூடிய வழியைக் காட்டிற்குள் உருவாக்கியது. இன்றைய சுற்றுலா மரபாகப் பெற்றிருப்பது இவ்விரண்டாம் வகை எளிமையையே.

இவ்வேறுபாடு சொல்லாராய்ச்சி மட்டுமன்று. இடுக்கி எல்லையிலுள்ள டாப் ஸ்டேஷனைக் காண்க. மூணாற்றுத் தேயிலை 1908 முதல் குண்டளைப் பள்ளத்தாக்கு இரயிலில் அங்கு வந்து, கம்பிவடத்தில் கீழே கொட்டகுடிக்கு இறங்கிற்று. 1924ஆம் ஆண்டின் பெருவெள்ளம், கொல்லம் ஆண்டு 1099ஐக் கொண்டு மலையாளிகள் ‘தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்’ என நினைவுகூரும் அவ்வெள்ளம், அவ்விரயிலை அழித்தது. அம்மலைச்சரிவுகள் பின்னாளில் மலையேற்றத்தினரின் விருப்பத்திற்குரியவை ஆயின. 2018 மார்ச் 11 அன்று கொழுக்குமலையிலிருந்து குரங்கணி நோக்கி இறங்கிய குழுவினர் காட்டுத்தீயில் சிக்கினர். 23 பேர் உயிரிழந்தனர். மார்ச் மாதத்தில் காய்ந்த புல்லும் மலைக்காற்றும் சேர்ந்தால் தீ எத்திசையில் ஏறும் என்பதை எந்தத் தரவரிசையும் சொல்லாது.

அதே ஆண்டில் தமிழ்நாடு மலையேற்ற ஒழுங்குமுறை விதிகளை வகுத்தது. 2024இல் தொடங்கப்பட்ட அரசுத் திட்டம் 14 மாவட்டங்களின் 40 பாதைகளை எளியவை, மிதமானவை, கடினமானவை எனப் பகுத்து, வழிகாட்டியையும் முன்பதிவையும் கட்டாயமாக்கியது. பறம்பிக்குளத்திலும் வழிகாட்டியின்றி நடக்க இயலாது. அவ்வழிகாட்டிகளுட் பலர் அங்குள்ள பழங்குடியினர். டிராம் தடம் தேவையற்றதாக்கிய அதே அறிவு, நடைபயணத்தின் முதல் நிபந்தனையாகத் திரும்பி வந்திருக்கிறது.

ஆயினும் அது நாட்கூலிக்குரிய பணியாக மட்டுமே கருதப்படுகிறது. வரலாற்று ஆவணமாக இன்னும் ஏற்கப்படவில்லை. கொச்சி வனத்துறையின் அறிக்கைகள் சரிவையும் செலவையும் கணக்கிட்டு வைத்துள்ளன. அவற்றோடு அம்மக்களின் இடப்பெயர்களையும் வழிநினைவுகளையும் ஒப்பிட்டுப் பதிவுசெய்வது இளம் ஆய்வாளர்களுக்குக் காத்திருக்கும் பணி. அந்நினைவுகளைச் சுமப்போர் முதுமையடைந்து வருகின்றனர் என்பதால், அப்பணியைத் தள்ளிப்போடுவதற்கில்லை.