ஒற்றை நாற்காலியும் மாற்றுக் கலைஞரும்

ஒருவர் வாராத நாளில் அவருடைய இருக்கையில் அமர்ந்து பணியாற்றுபவரை உலகம் எளிதில் மறந்துவிடும். அவர் செவ்வனே செய்தால், "குறை தெரியவில்லை" என்பதோடு பாராட்டு முடிந்துவிடும். தவறினாலோ பழி முழுவதும் அவர் தலைமேல் விழும். மேலைநாட்டுச் சிம்பொனி இசைக்குழுக்களில் இத்தகைய மாற்றுக் கலைஞரைப் பற்றி எழுந்த வழக்கு ஒன்று, புகழ்மிக்க ஓர் இசைக்குழுவின் பிறப்புக்கே காரணமாயிற்று. அவ்வரலாற்றை டியூபா என்னும் கருவியிலிருந்து தொடங்குவது பொருத்தமாகும்.

டியூபா, பித்தளைக் காற்றுக்கருவிகளுள் மிகப் பெரியது. மிகத் தாழ்ந்த ஒலியை எழுப்புவது. பிரஷ்யப் படை இசைக்குழுக்களோடு தொடர்புடைய வீப்ரெக்ட் என்பவரும், மோரிட்ஸ் என்னும் கருவி வினைஞரும் 1835ஆம் ஆண்டு பெர்லினில் இதற்குக் காப்புரிமை பெற்றனர். அதற்குமுன், பாம்புபோல் வளைந்த செர்ப்பெண்ட் என்னும் குழலும், ஒபிக்ளைடு என்னும் கருவியும் அவ்விடத்தை நிரப்பிவந்தன.

சிம்பொனி இசைக்குழுவில் வயலின் வாசிப்போர் முப்பதின்மர் வரை இருப்பர். டியூபா வாசிப்பவரோ பெரும்பாலும் ஒருவரே. பீத்தோவனின் சிம்பொனிகளில் அவருக்கு இடமே இல்லை. பிராம்ஸ் இயற்றிய நான்கு சிம்பொனிகளுள் இரண்டாவதில் மட்டுமே அவருக்கு வேலை உண்டு. 1893இல் நியூயார்க்கில் அரங்கேறிய துவோர்ஷாக்கின் 'புதிய உலகம்' சிம்பொனியில் டியூபா ஒலிப்பது இரண்டாம் பகுதியில் மட்டும். அதுவும் சில சுரங்களே. எனினும், அப்பகுதியின் பித்தளை ஒலி முழுவதற்கும் அச்சில சுரங்களே அடித்தளம். வயலின் கலைஞர் ஒருவர் வாராவிடின் அருகிருப்போர் ஈடுசெய்வர். டியூபாக் கலைஞர் வாராவிடின் அடித்தளமே இல்லாது போகும். ஆதலின் அவருக்கு மாற்றாக ஒருவர் வந்தே ஆகவேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இலண்டன் மாநகரில் இத்தேவை வேறு வடிவம் கொண்டது. அந்நாளில் இசைக்கலைஞர்க்கு நிலையான மாதச் சம்பளம் கிடைப்பது அரிது. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் தனித்தனியே கூலி. ஓரிடத்தில் ஒப்புக்கொண்ட பின்னர் வேறோரிடத்தில் கூடுதல் ஊதியம் கிடைக்குமாயின், முதலிடத்திற்குத் தமக்குப் பதிலாக ஒருவரை அனுப்பிவிடுவர். அவரும் தம் பங்குக்கு மற்றொருவரை அனுப்புவதுண்டு. ஒத்திகையில் கண்ட முகங்கள் வேறு, மேடையில் காணும் முகங்கள் வேறு என்னும் நிலையில் இசை நடத்துநர்கள் திகைத்தனர்.

1895இல் குவீன்ஸ் மண்டபத்தில் உலாவிசை நிகழ்ச்சிகளைத் தொடங்கியவர்கள் இராபர்ட் நியூமனும் இளம் நடத்துநர் ஹென்றி வுட்டும் ஆவர். அம்மண்டபத்து இசைக்குழுவில் இனி மாற்றாள் அனுப்பும் வழக்கம் கூடாதென 1904இல் நியூமன் அறிவித்தார். கலைஞர்கள் கொதித்தெழுந்தனர், நாற்பதுக்கும் மேற்பட்டோர் விலகினர். வடபுல நகரமாகிய கெண்டலுக்குச் சென்ற இரயிலில் கொம்புக் கலைஞர் மூவரும் டிரம்பெட் கலைஞர் ஒருவரும் கலந்து பேசினர். கலைஞர்கள் தாமே ஆளும் இசைக்குழு ஒன்றை அமைப்பதென்னும் எண்ணம் ஆங்கு உருவாயிற்று. 1904 ஜூன் 9ஆம் நாள், ஹான்ஸ் ரிக்டர் நடத்த, இலண்டன் சிம்பொனி இசைக்குழு தன் முதல் நிகழ்ச்சியை அதே குவீன்ஸ் மண்டபத்தில் அளித்தது. மாற்றாள் அனுப்பும் உரிமையையும் அது தன் உறுப்பினர்க்கு விட்டுவைத்தது.

இருதரப்பிலும் நியாயம் உண்டு. நிலையான வருவாய் அற்றவன் கிடைக்கும் வேலையை எவ்வாறு விடுவான்? ஆயினும், அவ்வுரிமைக்கு இசை தந்த விலையும் பெரிது. 1927இல் பெர்லின் பில்ஹார்மோனிக் இசைக்குழு ஃபுர்ட்வெங்லர் தலைமையில் இலண்டன் வந்தபோது, நாள்தோறும் கூடிப் பயின்றோரின் ஒருமைப்பாடு எத்தகையது என்பதை மக்கள் காதாரக் கேட்டனர். 1930இல் பி.பி.சி. சிம்பொனி இசைக்குழு நிலையான சம்பளத்துடன் அமைக்கப்பட்டது. காலப்போக்கில் இலண்டன் சிம்பொனியும் பழைய வழக்கத்தைக் கைவிட்டது. வாழ்வுக்கு உறுதி கிடைத்த பின்னரே ஒழுங்கு நிலைத்தது என்பது ஈண்டு கருதத்தக்கது.

மாற்றுக் கலைஞர் மறைந்துவிடவில்லை. அவரை அழைக்கும் முறையே மாறியது. நோயோ விடுப்போ நேரும்போது, தான் அறிந்து தேர்ந்தவரை இசைக்குழுவே அழைக்கிறது. ஒரு குழுவுக்கு ஒரே டியூபா நாற்காலி. அதில் அமர்ந்தவர் பல்லாண்டு அமர்ந்திருப்பார். ஆகவே, திறன்மிக்க கலைஞர் பலர் ஊர் ஊராகச் சென்று மாற்றாளராகவே வாசிக்கின்றனர். அவர்களுடைய பணி எளிதன்று. நீண்ட நேரம் வாளாவிருந்து, அடிகளை எண்ணிக் காத்திருந்து, பக்கத்தில் அமர்ந்துள்ள அறிமுகமற்ற டிராம்போன் கலைஞரின் மூச்சோடும் சுருதியோடும் முதல் ஒலியிலேயே இணைய வேண்டும். ஒத்திகை ஒன்றே கிடைத்தாலும் அது போதுமென்று கொள்ள வேண்டும்.

இலண்டன் சிம்பொனியின் பொன்விழா 1954இல் வந்தது. எண்பத்தோரு அகவை நிரம்பிய ரால்ஃப் வான் வில்லியம்ஸ் அவ்விழாவுக்கென டியூபாவுக்கு ஒரு கான்செர்ட்டோ இயற்றினார். ஜூன் 13ஆம் நாள் பார்பிரோலி நடத்த, அக்குழுவின் டியூபாக் கலைஞர் பிலிப் காத்தலினெட் முன்வந்து நின்று வாசித்தார். மாற்றாள் அனுப்பும் உரிமைக்காகப் பிறந்த இசைக்குழு, தன்னுள் மாற்று இல்லாத ஒரே கலைஞரை ஐம்பது ஆண்டுகளுக்குப்பின் அவைமுன் நிறுத்திச் சிறப்பித்தது.

இவ்வரலாற்றைப் படிக்குந்தோறும் என் நெஞ்சு உறுத்துவதுண்டு. பல்லாண்டுகட்கு முன், நான் பொறுப்பேற்றிருந்த சிறு பள்ளியொன்றில் ஆறாம் ஆண்டு ஆசிரியர் நோயுற்றார். பதிலுக்கு ஓர் இளம் தற்காலிக ஆசிரியை வந்தார். கால அட்டவணையை அவர் கையில் கொடுத்தேன். பாடம் எதுவரை நடந்தது, எந்த மாணவன் எதில் தடுமாறுகிறான் என்பவற்றைச் சொல்லவில்லை. மூன்று வாரங்களில் அவர் கண்கலங்கி விடைபெற்றார். "அவருக்குத் திறமை போதாது" என்றேன். போதாதிருந்தது என் பொறுப்புணர்ச்சியே.

ஆசிரியப் பெருமக்களே, நாளை உங்கள் வகுப்பிற்கு ஒருவர் மாற்றாக வரக்கூடும். பாடக் குறிப்பேட்டை அவர் பார்வையில் படும்படி வைத்துச் செல்லுங்கள். அவர் தடுமாறின், இழப்பு நம் பிள்ளைகளுக்கே.