கப்பல் கட்டணமும் நம் பாட்டன்மாரும்

வ. உ. சிதம்பரனார் என்றதும் உங்களுக்குச் செக்கும், 1961-ல் சிவாஜி கணேசன் நடித்த படமும் ஞாபகத்துக்கு வரும். செக்கை இங்கே விட்டுவிடுவோம். அவர் ஏன் கப்பல் விட்டார் என்பதைப் பற்றி அதிகம் பேசுவாரில்லை. தோட்டப்புறத்து மக்களாகிய நமக்கு அதில் சம்பந்தம் உண்டு.

தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே அக்காலத்தில் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் கப்பல்களே ஓடின. பி. ஐ. கம்பெனி என்பார்கள். போட்டிக்கு ஆளில்லை. அவன் சொன்னதுதான் கட்டணம், இஷ்டமில்லாதவன் கரையில் நிற்க வேண்டியதுதான். 1906 அக்டோபரில் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவாயிற்று. மூலதனம் 10 லட்ச ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாயாக 40,000 பங்குகள். பாண்டித்துரைத் தேவர் தலைவர். வக்கீலான வ. உ. சி. அலைந்து பங்கு சேர்த்தார்.

முதலில் வாடகைக் கப்பல் எடுத்தார்கள். பி. ஐ. கம்பெனி கப்பல்காரரை நெருக்கவே, வாடகை ரத்தாயிற்று. இனிச் சொந்தக் கப்பல்தான் வழி என்று 1907-ல் 'காலியா', 'லாவோ' என்ற இரு கப்பல்களைக் கொண்டு வந்தார்கள். அப்புறம்தான் வேடிக்கை! வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாய்க்கு இறக்கியது. நம்மவர்கள் எட்டணா என்றார்கள். உடனே அவன், "சும்மாவே ஏறிக்கொள்ளுங்கள்" என்றான். போதாக்குறைக்கு ஆளுக்கொரு குடையும் கொடுத்தான் என்பார்கள்.

ஓசிக் குடை வாங்கியவரை நான் குறை சொல்லமாட்டேன். ஏழைக்கு எட்டணாவும் காசுதானே? ஆனால் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். நாளெல்லாம் சும்மா ஆளேற்றினால் நிலக்கரிக்கு யார் பணம் கொடுப்பது? அவனுக்கு வேறு கடல்களிலும் கப்பல்கள் ஓடின; அந்த லாபத்தில் இந்த நஷ்டத்தைத் தாங்கலாம். இரண்டே கப்பல் வைத்திருந்தவர்கள் எத்தனை நாள் தாங்குவார்கள்? எதிராளி படுத்துவிட்டால் கட்டணம் மறுபடி அவன் வாயிலிருந்துதான் வரும். அந்தக் கம்பெனிக்கு அரசாங்கமும் துணை. தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குத் துணை நின்ற வ. உ. சி. 1908 மார்ச்சில் கைதானார். ஜூலையில் இரட்டை ஆயுள் தண்டனை, அப்பீலில் குறைந்தது. 1912 டிசம்பரில் அவர் வெளியே வந்தபோது சுதேசிக் கம்பெனி இல்லை. 'காலியா' கப்பலை அந்தப் பி. ஐ. கம்பெனியே வாங்கிவிட்டது.

இனி நம் கதைக்கு வருவோம். நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் நம்மவர்களைப் பினாங்குக்கும் கிள்ளான் துறைமுகத்துக்கும் ஏற்றி வந்தவையும் பி. ஐ. கம்பெனிக் கப்பல்கள்தாம். தூத்துக்குடியில் கட்டணச் சண்டை நடந்த அதே 1907-ல் மலாயாவில் குடியேற்ற நிதி ஒன்றை ஏற்படுத்தினார்கள். தோட்ட முதலாளிகள் தங்களிடம் வேலை செய்யும் ஆட்களின் கணக்குப்படி அதற்குப் பணம் கட்டினார்கள். டிக்கெட்டுச் செலவு அதிலிருந்து போயிற்று. ஆக, நம் பாட்டனாரும் 'ஓசியில்'தான் வந்தார். குடைதான் கிடைக்கவில்லை. எந்தக் கப்பல், தளத்தில் எவ்வளவு இடம், என்ன சோறு என்று கேட்க அவருக்கு வாயேது? டிக்கெட்டு எடுத்தது தொரைமார் பணம். பேரம் பேசினவர்களும் அவர்களே. தூத்துக்குடிப் பயணிக்குச் சில மாதங்களாவது இரண்டு கப்பல்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடிந்தது. நாகப்பட்டினத்தில் ஏறிய கூலியாளுக்கு அதுவும் இல்லை. இந்த ஆள்கட்டு முறை 1938-ல் இந்திய அரசாங்கம் தடை போட்ட பிறகே நின்றது.

ஜோகூருக்கு வந்தவர்களுக்கு அப்புறம் ரயில். கிம்மாசிலிருந்து ஜோகூர் பாரு வரைக்குமான பாதை 1909-ல் முடிந்தது. ஜோகூர் அரசு போட்ட பாதை அது. நம் குளுவாங் ஸ்டேஷன் அதில்தான் இருக்கிறது.

பி. ஐ. கம்பெனி 1914-ல் பி. அண்டு ஓ. கம்பெனியோடு சேர்ந்தது. ஆனாலும் கப்பல்கள் பழைய பெயரிலேயே ஓடின. 1926-ல் கட்டிய 'ரஜூலா'வைத் தெரியாத பழைய ஆட்கள் நம் வட்டாரத்தில் குறைவு. 1973 வரையில் அது சென்னைக்கும் இந்த நாட்டுக்கும் இடையே போய் வந்தது. நம் பிற்காலத்தார் அதில் சொந்தக் காசில் பயணம் செய்தார்கள். உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் அந்தக் காலத்துக் கப்பல் டிக்கெட்டு ஏதாவது கிடந்தால், தயவுசெய்து பிள்ளைகளிடம் பள்ளிக்குக் கொடுத்தனுப்புங்கள். யார் எடுத்த டிக்கெட்டு, என்ன கட்டணம் என்று ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்கள் எழுதி வைப்பார்கள்.